பேய் எந்த மொழி பேசும்?

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையில் எங்கள் சினிமா வட்டத்தின் மாதக் கூட்டத்தில் இந்த முறை மனத்திகில், திரில்லர் படங்கள்தான் பேச்சு. 22 வருடம் தியேட்டரில் ஆபரேட்டராக இருந்தவன் என்பதால் பதில் சொல்லும் நாற்காலி எனக்கு வந்தது. கேள்விகள் சீட்டில் எழுதி வந்தன. பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன். தொடங்கும்போதே ஒன்று சொன்னேன்: எந்தப் படத்தின் முடிவையும் என்னிடம் கேட்காதீர்கள். யார் கேட்டார்கள்?

குழித்துறை: அண்ணாச்சி, பேய்ப் படத்துக்கும் மனத்திகில் படத்துக்கும் என்ன வித்தியாசம்?

பேய்ப் படத்தில் கதவுக்குப் பின்னால் என்ன நிற்கிறதோ என்று பயப்படுகிறோம். மனத்திகிலில், கதவைப் பார்க்கிற ஆளின் கண்ணையே நம்பலாமா என்று பயம் வருகிறது. புத்தகத்தில் வேறு விளக்கம் இருக்கலாம், நான் கேபினில் கற்றது இதுதான். ஆபரேட்டர் கேபினில் ஒரு சின்ன ஜன்னல் ஓட்டை உண்டு. அதில் திரையும் தெரியும், ஜனங்களின் பின்மண்டையும் தெரியும். 2000 அடி ரீல் ஓடி முடிய 20 நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடுதல் ஆகும். அடுத்த புரொஜெக்டருக்கு மாற்றும் வரை எனக்கு அந்தப் பின்மண்டைகள்தான் பொழுதுபோக்கு. பேய் திடீரென்று வந்தால் தலையெல்லாம் துள்ளும், அடுத்த நொடி சிரிப்பு, விசில். மனத்திகிலில் துள்ளல் கிடையாது. பெஞ்சு டிக்கெட் பக்கம் கடலைப் பொட்டலத்திலிருந்து வாய்க்குப் போகும் கை பைய நின்றுவிடும். கை நின்றால் படம் ஜெயித்தது என்பது என் கணக்கு.

குளச்சல்: ராட்சசன் மாதிரி நல்ல படம் சொல்லுங்க.

ராட்சசன் (2018) கொலைகாரனைத் தேடும் படம், பயம் வெளியே இருக்கிறது. கொலைகாரனின் தலைக்குள்ளேயே போக வேண்டுமென்றால் சிகப்பு ரோஜாக்கள் (1978), மூடுபனி (1980). மூடுபனி இளையராஜாவுக்கு நூறாவது படம், அதற்காகவே ஒருமுறை காதால் பாருங்கள். புதியதில் கேம் ஓவர் (2019). மலையாளம் புரியும் என்றால் பூதகாலம் (2022): ஒரு அம்மா, ஒரு மகன், ஒரு வீடு. வீட்டில் பேய் இருக்கிறதா, அந்த இருவரின் துக்கமே அப்படி நடமாடுகிறதா என்று வெகுநேரம் பிடிகொடுக்காது.

கருங்கல்: எல்லாரும் ஆஹா ஓஹோ என்கிறார்கள், எனக்குப் பயமே வரவில்லை. பஸ்ஸில் போகும்போது மொபைலில் பார்த்தேன்.

வராது. நடத்துநர் விசில் ஊதிக்கொண்டிருக்கும்போது எந்தப் பேய்தான் வேலை செய்யும்? 1960-இல் ஹிட்ச்காக் சைக்கோ எடுத்தபோது, குளியலறைக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றுதான் நினைத்திருந்தார். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் அதைக் கேட்காமல், வெறும் தந்தி வாத்தியங்களை வைத்து அந்தக் கீச்சலை எழுதிக்கொண்டு வந்தார். கேட்ட பிறகு ஹிட்ச்காக் மனம் மாறினார். போன் ஸ்பீக்கரில் அந்தக் கீச்சல் கொசு பறக்கிற மாதிரி இருக்கும். படம் தொடங்கிய பிறகு யாரையும் உள்ளே விடக்கூடாது என்று தியேட்டர்களுக்குக் கட்டளை போட்ட மனிதர் அவர். நம் ஊரில் இடைவேளைக்குப் பிறகு வந்து "இதுவரை என்ன ஆச்சு?" என்று பக்கத்து ஆளிடம் கேட்பவர்களை அவர் பார்க்காமலே போய்ச் சேர்ந்தது நல்லது. ராத்திரி, விளக்கை அணைத்து, ஹெட்போன் மாட்டிப் பாருங்கள். இதை இன்றைக்கு இன்னும் நாலு தடவை சொல்வேன்.

நாகர்கோவில்: தமிழில் இந்த வகைக்கு முன்னோடி எது?

என் ஓட்டு அந்த நாளுக்கு (1954). எஸ். பாலசந்தர் இயக்கம். பாட்டே கிடையாது, அந்தக் காலத்தில் அது எவ்வளவு பெரிய துணிச்சல் என்று யோசியுங்கள். முதலிலேயே சிவாஜி சுடப்பட்டு விழுகிறார். அப்புறம் ஆளுக்கொரு விதமாக அவரைப் பற்றிச் சொல்கிறார்கள். யார் சுட்டது என்று சொல்ல மாட்டேன், 70 வருடம் ஆனாலும்.

இரணியல்: ராட்சசன் மாதிரி வேறு படம்?

குளச்சல்காரருக்குச் சொன்னதேதான்.

தக்கலை: மணிச்சித்திரத்தாழில் வருவது நம்ம பத்மநாபபுரம் அரண்மனைதானே? எந்த அறை?

அந்த மலையாளப் படத்தில் சில பகுதிகள் இங்கே எடுத்தது, சில பகுதிகள் திருப்பூணித்துறை ஹில் பேலஸில். படத்தில் இரண்டும் ஒரே வீடாகிவிடும். அறையைத் தேடி அலையாதீர்கள், நவராத்திரி மண்டபத்தில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். சிரட்டைக் கரியும் முட்டை வெள்ளையும் சேர்த்து மெழுகிய அந்தக் கறுத்த தரையில் நம் உருவம் மங்கலாகத் தெரியும். அங்கே நடக்கும் ஆட்டத்தை அரண்மனைப் பெண்கள் மரத் தட்டிக்குப் பின்னாலிருந்து பார்ப்பார்களாம். அந்தத் தட்டியின் துளையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சைக்கோவில் நார்மன் சுவரில் மாட்டிய படத்தை அகற்றிவிட்டுச் சுவர் ஓட்டையில் கண் வைக்கிற காட்சிதான் ஞாபகம் வரும். அப்புறம் என் கேபின் ஓட்டையும்.

நாகர்கோவில் (வேறு ஒருவர்): எதற்கு மணிச்சித்திரத்தாழ்? சந்திரமுகி அதைவிட மேல். ஜோதிகா கண்ணை உருட்டினதே போதும்.

இந்தச் சீட்டைப் படித்ததும் மலையாளம் புழங்கும் மேற்குப் பக்கத்து ஆட்கள் நாற்காலியைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள். அடுத்த முக்கால் மணி நேரம் இதிலேயே போயிற்று, எனக்கு வருத்தமில்லை.

அதே கதையைத் தமிழில் எடுத்த சந்திரமுகி (2005) சென்னை சாந்தி தியேட்டரில் 800 நாள் தாண்டி ஓடிய படம், நான் குறை சொல்லி ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆனால் ரஜினி முதலிலிருந்தே திரையில் இருக்கிறார். அவர் இருக்கும்போது யாருக்கு என்ன ஆகிவிடும்? கை கடலையை விடாது. மலையாளத்தில் (1993) மோகன்லால் வெகுநேரம் கழித்துத்தான் வருகிறார். அதுவரை அந்த வீட்டில் நமக்குப் பிடித்துக்கொள்ள ஆள் இல்லை.

மார்த்தாண்டம்: அப்படிச் சொல்லுங்க அண்ணாச்சி! சோபனாவுக்கு தேசிய விருதே கிடைத்தது. மலையாளம் மலையாளம்தான்.

பொறும். உமக்கும் ஒன்று இருக்கிறது. அந்தப் படத்தை நான் ஓட்டியிருக்கிறேன். கணவன் வெளியே போக வேண்டாம் என்கிறான், சோபனா நடிக்கும் கங்கா கட்டிலைத் தூக்குகிறாள், சட்டென்று தமிழில் பேச ஆரம்பிக்கிறாள். கொச்சியில் உட்கார்ந்திருப்பவனுக்கு அந்த நொடியில் மனைவி மறைந்து யாரோ வந்துவிட்டாள், மொழியே மாறிவிட்டதே! இங்கே என்ன நடந்தது தெரியுமா? முன்வரிசையில் ஒருவன் "நம்ம ஊர்க்காரிடே!" என்று கத்தினான். தியேட்டரே சிரித்தது. ஓட்டை வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த எனக்குக் கோபம். ஆனால் கடைசி நாட்டியத்தில், தமிழ் வரி வரும்போது, பெண்கள் பக்கத்தில் முந்தானை கண்ணுக்குப் போனது. கங்காவுக்குள் வந்து பேசும் நாகவல்லி தஞ்சாவூரிலிருந்து கொண்டுவரப்பட்டு ஒரு காரணவர் (குடும்பத் தலைவர்) வீட்டில் அடைபட்டுக் கிடந்த பெண். அவர்களுக்குப் பயத்தைவிடப் பாவம்தான் முந்திக்கொண்டது.

சரி, சந்திரமுகியில் அவள் எந்த மொழி பேசுகிறாள்? தெலுங்கு. தமிழ்நாட்டில் தமிழ் பேசினால் எவனும் திடுக்கிட மாட்டான் என்று இயக்குநர் பி. வாசுவுக்குத் தெரிந்திருக்கிறது. அவரே அதற்கு முந்தின வருடம் கன்னடத்தில் எடுத்த ஆப்தமித்ராவிலும் தெலுங்குதான். பிரியதர்ஷன் 2007-இல் இந்திக்குக் கொண்டுபோனபோது வங்காளி ஆக்கினார். ஒரே கதை, ஊருக்கு ஊர் பேய் மட்டும் பக்கத்து ஊர்க்காரி. கதவுக்குப் பின்னால் நாம் யாரை வைக்கிறோம் என்று இந்தக் கதையை வைத்தே கண்டுபிடிக்கலாம். எது மேல் என்று சண்டை போடுவதைவிட எனக்கு இதுதான் சுவாரசியம்.

நாகர்கோவில் (அதே ஆள்): இருந்தாலும் சந்திரமுகிதான்.

உம் இஷ்டம்.

திருவட்டாறு: கங்காவுக்கு வந்தது நிஜ நோயா? ஒரே ராத்திரியில் குணமாகுமா?

நான் டாக்டர் இல்லை. பன்முக ஆளுமை என்று சொல்லிக்கொண்டிருந்ததற்கு அமெரிக்க மனநல வகைப்பாட்டில் 1994-இல் பெயரையே மாற்றிவிட்டார்கள். சிகிச்சை என்பது வருடக்கணக்கில் உட்கார்ந்து பேசுவது. பொம்மையைச் சுழற்றிவிட்டு வெட்ட வைத்தால் தீர்வது சினிமாவில் மட்டும். கூடவே ஒன்று: நம் படங்களில் மனம் சரியில்லாதவன் என்றாலே கையில் கத்தி கொடுத்துவிடுகிறார்கள். வீட்டில் அப்படி ஒருவரைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்குத் தெரியும், அடி வாங்குவது பெரும்பாலும் யார் என்று.

பெயரும் ஊரும் இல்லாத சீட்டு: படம் பார்த்ததிலிருந்து ராத்திரி காலடிச் சத்தம் கேட்கிறது. மூன்று வாரமாகத் தூக்கம் இல்லை.

தம்பியோ தங்கச்சியோ, படத்தை நிறுத்துங்கள். 14416, அரசின் டெலி மானஸ் எண், தமிழிலேயே பேசலாம். இன்றைக்கே பேசுங்கள்.

களியக்காவிளை: ஷட்டர் ஐலேண்ட் முடிவில் அவன் நிஜமாகவே...

அடுத்தது.

ஆரல்வாய்மொழி: நம்ம முப்பந்தல் இசக்கி, நீலி கதையை எல்லாம் இந்த மாதிரி எடுக்க முடியுமா மாமா?

மருமகனே, நல்ல கேள்வி. எடுக்க வேண்டியதே இல்லை, வில்லுப்பாட்டில் ஏற்கெனவே எடுத்தாயிற்று. பழையனூர் நீலி கதையைப் பேயை மறந்துவிட்டுக் கேள். ஒரு பெண் கள்ளிக்கட்டையைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஊர்ச்சபைக்கு வருகிறாள். இவர் என் புருஷன், கோபித்துக்கொண்டு போகிறார் என்கிறாள். அந்த வணிகன் அலறுகிறான்: இவள் பேய், என்னைக் கொல்ல வந்திருக்கிறாள். பிள்ளை அவனைப் பார்த்து அப்பா என்கிறது. சபையில் 70 வேளாளர்கள். யாரை நம்புவார்கள்? அவன் கையில் இருக்கும் கத்தியால் என்னைக் குத்திவிடுவான் என்று அவள் அழ, அதையும் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். உனக்கு ஏதாவது ஆனால் எங்கள் உயிர் பொறுப்பு என்று சொல்லி, இரண்டு பேரையும் ஒரே அறையில் விட்டுக் கதவைச் சாத்துகிறார்கள்.

கதவு சாத்துகிற அந்த இடம்தான் படம். அறைக்குள் ரத்தம் காட்ட வேண்டாம். வெளியே, நல்ல காரியம் செய்த திருப்தியில் படுக்கப் போகிற 70 பேரின் முகத்தை மட்டும் காட்டினால் போதும். உண்மையைச் சொல்கிறவன் ஒருவன், அவனை நம்பாத நல்லவர்கள் 70 பேர். கேஸ்லைட் என்று 1944-இல் ஹாலிவுட்டில் ஒரு படம் வந்து, அந்தப் பெயரே இப்போது ஒருவரைத் தன் புத்தியையே சந்தேகிக்க வைப்பதற்குச் சொல்லாகிவிட்டது. நம்மவர்கள் அதற்கு முன்பே அதைக் கோயில் கொடை ராத்திரியில் குடத்தைத் தட்டிப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

திங்கள்சந்தை: ராட்சசன் மாதிரி...

இந்தச் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அடுத்த மாதம் வாசலில் ஒட்டுகிறேன்.

கருங்கல் (மறுபடி): டேப்லெட்டில் பார்த்தால் பரவாயில்லையா?

ஹெட்போன்.

அருமனை: நம்ம மாவட்டத்தில் மணிச்சித்திரத்தாழ் கதையை எடுத்தால் பேய் எந்த மொழி பேசும்? இங்கேதான் தமிழ், மலையாளம் இரண்டும் பேசுவோமே.

இதற்குப் பதில் என் அம்மா சொன்ன கதையில் இருக்கிறது. ராத்திரி தனியாக நடந்து வருகிறவனை வழியில் ஒரு பெண் நிறுத்துவாள். கையில் வெற்றிலை இருக்கும். அவள் கேட்பது இரண்டே சொல்: "சுண்ணாம்பு உண்டா?" தமிழா, மலையாளமா என்று நம் ஆள் அங்கேயே நின்று யோசித்துக்கொண்டிருப்பான்.