மூளையின் சர்க்கரைச் செலவு: வாசகர் கேள்விகள்

கேள்வி: பரீட்சைக்குப் படிக்கும் மகனுக்கு அடிக்கடி குளுக்கோஸ் கரைத்துக் கொடுக்கிறேன். மூளைக்குத் தெம்பு கிடைக்குமா?

தேவையே இல்லை. மூளை நாளொன்றுக்குச் சுமார் 120 கிராம் குளுக்கோஸ் எரிக்கிறது. கணக்குப் போட்டாலும் சும்மா உட்கார்ந்திருந்தாலும் மொத்தச் செலவு பெரிதாக மாறாது. வேளாவேளைக்குச் சாப்பிடட்டும், நன்றாகத் தூங்கட்டும்.

கேள்வி: குளூட்டமேட் என்ற நரம்புச் சேதிப்பொருள் சுரந்தால் மூளை கூடுதலாகச் சர்க்கரை எடுக்கும் என்கிறார்களே, எப்படி?

நரம்பு முனையில் சுரக்கும் குளூட்டமேட்டைப் பக்கத்திலுள்ள ஆஸ்ட்ரோசைட் என்ற துணைச் செல்கள் உள்ளே இழுத்துக்கொள்கின்றன. கூடவே சோடியமும் நுழைகிறது. அதை வெளியேற்றும் பம்புக்கு ஆற்றல் வேண்டும், அதற்குத்தான் குளுக்கோஸ். பெல்லரின், மஜிஸ்ட்ரெட்டி என்ற ஆய்வாளர்கள் 1994-இல் ஆய்வகத்தில் வளர்த்த செல்களில் இதைக் காட்டினார்கள். அப்போது குளுக்கோஸ் உடைந்து உருவாகும் லாக்டேட்தான் நரம்புக்கு முக்கிய எரிபொருள் என்ற அவர்களின் அடுத்த வாதம் இன்னும் சர்ச்சையில் இருக்கிறது.

கேள்வி: மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியிலும் இதே கதைதானா?

எனக்குப் பிடித்த கேள்வி! முன்மடல் வேறு ரகம்: அங்கே டோபமின் என்ற நரம்புச் சேதிப்பொருள் முக்கியமாக, பால் சுரக்க உதவும் ஹார்மோனான புரோலாக்டினின் சுரப்பை அடக்கி வைக்கிறது. பின்மடலோ அதற்கு மேலே உள்ள மூளைப் பகுதியான ஹைப்போதலாமஸிலிருந்து இறங்கும் நரம்பு முனைகளால் ஆனது. 1979-இல் எலிகளுக்குச் சில நாள் உப்புத் தண்ணீர் மட்டும் கொடுத்து, எந்தப் பகுதி எவ்வளவு குளுக்கோஸ் எடுக்கிறது என்று காட்டும், சோகோலாஃப் என்ற விஞ்ஞானியின் கதிரியக்க டீஆக்ஸிகுளுக்கோஸ் முறையில் அளந்தார்கள். உடலில் உப்பு ஏறினால், சிறுநீரில் நீர் வீணாகாமல் காக்கும் ஹார்மோனான வாசோபிரெசின் நிறையச் சுரக்கும். அதைத் தயாரிக்கும் செல்கள் ஹைப்போதலாமஸில் இருக்கின்றன. அங்கே குளுக்கோஸ் செலவு குறிப்பிடும்படி ஏறவில்லை. ஏறியது பின்மடலில்! பிறகு பின்மடலைத் தனியே எடுத்து மின்சாரத்தால் தூண்டியபோதும் குளுக்கோஸ் எடுப்பது கூடியது. சோடியம் பம்பைத் தடுக்கும் உவாபெய்ன் சேர்த்ததும் அந்தக் கூடுதல் நின்றுபோனது. ஹார்மோனைத் தயாரிப்பதைவிட, மின்துடிப்புக்குப் பின் நரம்பு முனையைச் சரிசெய்வதற்குத்தான் செலவு அதிகம். மூளை ஸ்கேனில் ஓரிடம் பளிச்சென்று தெரிந்தால், அங்குள்ள செல்களோடு அங்கே வந்து முடியும் நரம்புகளையும் நினைக்க வேண்டும்.

கேள்வி: சர்க்கரை நோய்க்கு டாக்டர் புரோமோகிரிப்டின் எழுதியிருக்கிறார். அது பிட்யூட்டரி கட்டிக்கான மருந்தாமே, மாற்றி எழுதிவிட்டாரா?

இல்லை. டோபமின்போல வேலை செய்யும் மருந்து அது. புரோலாக்டினைச் சுரக்கும் பிட்யூட்டரி கட்டிக்கு வெகுகாலமாகத் தருகிறார்கள். அதன் விரைவில் கரையும் வகைக்கு, இரண்டாம் வகை நீரிழிவுக்காக 2009-இல் அமெரிக்கா அனுமதி தந்தது. இது இன்சுலினைக் கூட்டுவதில்லை. ஹைப்போதலாமஸின் டோபமின் வழியாக, கல்லீரல் சர்க்கரையை அளவுக்கு மீறி விடுவதைக் குறைக்கிறது என்று கருதுகிறார்கள். எழுந்த இரண்டு மணி நேரத்துக்குள் உணவோடு சாப்பிட வேண்டும். குமட்டலோ எழும்போது தலைசுற்றலோ வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.