ஏற்காட்டில் ரெட் கேமராவில் எடுத்த ஆர்3டி கோப்புகளை எடிட்டிங்குக்கு எப்படி மாற்றுவது?

ஏற்காட்டின் லேடீஸ் சீட் காட்சிமுனையில் எடுத்த ஆர்3டி கோப்புகள் (ரெட் கேமராவின் ரா வீடியோ) லேப்டாப்பில் திணறுகின்றன, எல்லாவற்றையும் எம்பி4 ஆக்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். நீங்கள் எடுத்தது பனிமூட்டம். வெள்ளைக்கும் சாம்பலுக்கும் நடுவே எண்ணற்ற படிநிலைகள் அதில் இருக்கின்றன. நிறப் படிநிலைகள் குறைவாக உள்ள 8 பிட் எம்பி4-இல் அவை பட்டை பட்டையாக உடைந்து, கீழே சேலத்து விளக்குகளைச் சுற்றி வளையம் வளையமாகத் தெரியும். கலர் செய்யும்போது அதை மீட்கவே முடியாது.

மூலக் கோப்பு அப்படியே இருக்கட்டும். எடிட்டிங்குக்கு மட்டும் பிராக்ஸி, அதாவது லேசான நகல், எடுங்கள். டாவின்சி ரிசால்வ் எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பே ஆர்3டியைத் திறக்கும். டெலிவர் பக்கத்தில் இண்டிவிஜுவல் கிளிப்ஸ், 1080 அளவு, டிஎன்எக்ஸ்எச்ஆர் எல்பி என்ற லேசான கோடெக் ஆகியவற்றைத் தேர்ந்தெடுங்கள். மேக் என்றால் புரோரெஸ் பிராக்ஸி. லாக் படம் (வண்ணம் சேர்க்காத மூலப் படம்) வெளிறித்தான் தெரியும், அதனால் சாதாரணத் திரைக்கான ரெக் 709 வண்ணத்துக்கு மாற்றியே எடுங்கள்.

பிராக்ஸி கோப்பின் பெயர், டைம்கோட் (ஒவ்வொரு ஃபிரேமுக்குமான நேர எண்), ஃபிரேம் ரேட், ஆடியோ சேனல் நான்கும் மூலத்தோடு அச்சு அசலாக ஒத்திருக்க வேண்டும். ஒன்று பிசகினாலும் கடைசியில் மூலத்தோடு இணைக்கும்போது இணைப்பு கிடைக்காது அல்லது கட் இடம் மாறும். நான் ஒருமுறை 24 ஃபிரேமில் எடுத்ததை 25-இல் மாற்றிவிட்டு, இரண்டு ராத்திரி உட்கார்ந்து கையால் சரிசெய்தேன்.

இன்னொன்று: நீளமான ஷாட் _001, _002 என்று துண்டு துண்டாக இருக்கும். அவற்றை கேமரா வைத்திருக்கும் ஆர்டிசி (.RDC) ஃபோல்டருக்குள் எதையும் பெயர் மாற்றாதீர்கள், ஃபோல்டரோடு நகலெடுங்கள். மலை இறங்குவதற்கு முன்பே இரண்டு ஹார்ட் டிஸ்கில்.