லில்லி என்று விற்பதெல்லாம் லில்லியா?

நீல லில்லி விதை, 100 எண்ணம் 149 ரூபாய் என்று ஆன்லைனில் வருகிறது. வாங்கலாமா? – மதுரை வாசகி

வேண்டாம். லில்லியில் நீலப் பூ கிடையாது. படத்தில் இருப்பது சாயம் ஏற்றிய பூ, அல்லது நிறம் மாற்றிய படம்.

ஆசியாடிக் லில்லி என்று ஆறு கிழங்கு 720 ரூபாய்க்கு வாங்கினேன். நாலு மாதம் கழித்துப் பூத்தது மழை லில்லி. ஏழு நாளுக்குள் சொல்லியிருக்க வேண்டும் என்று விற்றவர் கைவிரிக்கிறார். – கோவை வாசகர்

உங்கள் மேல் தவறே இல்லை. கிழங்கைப் பார்த்து அடையாளம் காணப் பழகாதவருக்குப் பூத்த பிறகுதான் தெரியும், ஏழு நாளில் கிழங்கு பூத்துவிடாது. சொன்ன பொருள் ஒன்று, அனுப்பியது வேறொன்று என்றால் திருப்பி எடுக்க மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. விளம்பரப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், பில், பூவின் படம் மூன்றையும் சேர்த்து, அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் அவர் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்தில் தீர்வு சொல்ல வேண்டும். இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். அதற்கும் மசியாவிட்டால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குப் புகார்க் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டு அவகாசமும் உண்டு. 720 ரூபாய்தானே என்று விட்டுவிடாதீர்கள்.

இந்தப் பெயர்க் குழப்பத்தை நான் பல வருடமாகச் சொல்லி வருகிறேன். மழை லில்லி, ஸ்பைடர் லில்லி, பீஸ் லில்லி, டே லில்லி, கால்பந்து லில்லி, குளத்து அல்லி என்று நர்சரியில் எல்லாமே லில்லிதான். இவற்றில் ஒன்றுகூட உண்மையான லில்லிகளின் பேரினமான லிலியத்தைச் சேர்ந்ததில்லை. ஆசியாடிக், ஓரியண்டல் இரண்டும்தான் லிலியம் வகைகள். சில ரூபாய்க்குக் கிடைக்கும் கிழங்கை நூறு ரூபாய்க்கு விற்க இந்தப் பெயர் ஒன்றே போதுமானதாக இருக்கிறது. கிழங்கைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். மழை லில்லி, பழுப்புத் தோல் மூடிய சின்ன வெங்காயம் போல இருக்கும். லில்லி என்றே விற்கப்படும் இன்னொரு செடியான அமரில்லிஸ் பெரிய வெங்காயம் அளவு. உண்மையான லிலியத்துக்கு மேல்தோலே கிடையாது. உரித்த பூண்டுப் பற்களை நெருக்கி அடுக்கியது போல, சதைப்பற்றான செதில்களாக இருக்கும். ஓரியண்டல் லில்லி என்று நான் வாங்கிய பத்தும் தோல் மூடிய வெங்காயங்களாகவே வந்தன, வளர்ந்தது அமரில்லிஸ். பணம் கட்டும் முன் இரண்டே கேள்வி கேளுங்கள்: தாவரவியல் பெயர் என்ன, கிழங்கின் சுற்றளவு எத்தனை செ.மீ.? ஆசியாடிக்கில் 10–12 செ.மீ. கிழங்கு சுமார் இரண்டு மூன்று மொட்டு விடும், 14–16 செ.மீ. கிழங்கு அதைவிட நிறையவே விடும். சுற்றளவு சொல்லாதவரிடம் வாங்காதீர்கள்.

மே மாதம் மொட்டை மாடியில் 6 அங்குலத் தொட்டியில் ஓரியண்டல் லில்லி நட்டேன். ஒரு சாண் வளர்ந்து கருகிவிட்டது. பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா? – சென்னை வாசகர்

கேட்க முடியாது. கத்திரி வெயிலில், மொட்டை மாடியில், குளிர்ப் பயிரை நட்டது நீங்கள். வாங்கும் முன் ஒரு நிமிடம் விசாரித்திருக்கலாம்.

சமவெளியில் நவம்பர் கடைசியிலிருந்து டிசம்பருக்குள் நட வேண்டும். தொட்டி குறைந்தது 30 செ.மீ. ஆழம், 30 செ.மீ. அகலம், அதில் மூன்று கிழங்கு. லில்லிக்குக் கிழங்கின் அடியில் மட்டுமல்ல, கிழங்குக்கு மேலே தண்டிலும் வேர் விடும். அதனால் கிழங்கின் நுனிக்கு மேல் 10 செ.மீ. மண் இருக்க வேண்டும். மேலாக நட்டால் மொட்டு கனத்ததும் தண்டு சாயும். இரண்டு முறை அலசிய தென்னை நார்க்கழிவு இரண்டு பங்கு, செம்மண், ஆற்று மணல், மண்புழு உரம் தலா ஒரு பங்கு போதும். பச்சைச் சாணம் கிழங்கில் பட்டால் அழுகும். காலை வெயில் நாலு மணி நேரம், பிறகு நிழல். அடைமழையில் தொட்டியைக் கூரைக்குக் கீழே நகர்த்துங்கள்.

'லில்லி ஸ்பெஷல்' மண் கலவை 5 கிலோ 450 ரூபாய். அவசியமா? – சேலம் வாசகி

இல்லை. மேலே சொன்ன கலவையே போதும்.

பார்சலில் வந்த கிழங்குகளில் பச்சைப் பூஞ்சை. திருப்பி அனுப்பவா? – திருச்சி வாசகி

முதலில் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்து வெளிச் செதிலில் மட்டும் பூஞ்சை என்றால் அந்தச் செதிலைப் பிய்த்துவிட்டு, லிட்டருக்கு 2 கிராம் கார்பன்டசிம் என்ற பூஞ்சைக்கொல்லிக் கரைசலில் அரை மணி நேரம் கையுறை போட்டு ஊறவைத்து நடுங்கள். வேர் விடும் அடித்தட்டு கொழகொழத்திருந்தால் பிழைக்காது, பணத்தைக் கேளுங்கள். இனிமேல் பெட்டியைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்து வையுங்கள்.

வருடா வருடம் பூக்கும் என்று சொல்லித்தான் விற்றார்கள். இரண்டாம் வருடம் இலைகூட வரவில்லை. – ஈரோடு வாசகர்

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் பொருந்தும் வாக்குறுதி இது. ஈரோட்டில் இருப்பவரிடம் அதைச் சொல்லி விற்றது தவறு, உங்கள் கோபம் நியாயம். கடையில் வருவது ஏற்கெனவே குளிரூட்டிய கிழங்கு, அதனால் முதல் முறை பூத்துவிடும். அடுத்த முறைக்கு மறுபடி குளிர் வேண்டும். தண்டு தானாகக் காய்ந்த பிறகு கிழங்கை எடுத்து, லேசாக ஈரமான தென்னை நார்க்கழிவில் புதைத்து, ஓட்டை போட்ட பையில் ஃபிரிட்ஜில் 2 முதல் 5 டிகிரியில் எட்டு வாரம் வையுங்கள். உறைபெட்டியில் வைக்கக் கூடாது. ஆப்பிள், வாழைப்பழம் பக்கத்திலேயே இருக்கக் கூடாது. அவை விடும் எத்திலீன் வாயு கிழங்கின் குருத்தைக் கெடுக்கும். இத்தனை செய்தும் சமவெளியில் கிழங்கு ஆண்டுக்காண்டு சிறுக்கும். வருடா வருடம் பூ வேண்டும் என்றால் மழை லில்லி வாங்குங்கள், மழை லில்லி விலைக்கே வாங்குங்கள்.

வீட்டில் இரண்டு பூனைகள். பால்கனியில் லில்லி வைக்கலாமா? – புதுச்சேரி வாசகி

வைக்கவே வேண்டாம். லிலியமும் டே லில்லியும் பூனையின் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கும். இலை, மகரந்தம், பூ வைத்த குவளைத் தண்ணீர் எல்லாமே விஷம். பூனை கடித்தது, நக்கியது தெரிந்தால் வாந்தி வரட்டும் என்று காத்திராமல் உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.