சைலென்சர் கசிவு: கேட்டவையும் என் பதில்களும்

திருகோணமலை உப்புவெளியில் மோட்டார் சைக்கிள் கராஜ் வைத்திருக்கிறேன். கடற்கரை கிட்ட என்பதால் கறள் பிடித்த சைலென்சர் வராத நாளே இல்லை. அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

அண்ணை, காலையில் ஸ்டார்ட் பண்ணினால் எஞ்சின் பக்கம் ‘டிக் டிக்’ என்று கேட்கிறது. ஐந்து நிமிடம் ஓடினால் குறைகிறது. டேப்பட் (வால்வைத் தள்ளும் பாகம்) என்று சொல்கிறார்கள். சரியா? (அலஸ்தோட்டம்)

டேப்பட்டாகவும் இருக்கலாம் தம்பி. ஆனால் சூடாகியதும் குறைகிறது என்றால் நான் முதலில் பார்ப்பது சைலென்சர் பைப் எஞ்சின் ஹெட்டோடு, அதாவது எஞ்சினின் தலைப்பகுதியோடு சேரும் இடத்தைத்தான். இரும்பு சூட்டில் விரிந்து இடைவெளியை அடைப்பதால் சத்தம் அமுங்கிவிடும். அந்த மூட்டைச் சுற்றிக் கரி படிந்திருந்தால் கசிவு அங்கேதான்.

கரி தெரியவில்லையா? எஞ்சின் முழுக்க ஆறியிருக்கும்போது மூட்டில் சவர்க்காரத் தண்ணீர் தடவி ஸ்டார்ட் பண்ணுங்கள். சைலென்சரின் பின்பக்க வாயைத் தடித்த ஈரத் துணியால் இரண்டு மூன்று செக்கன் மட்டும் லேசாக அமத்தினால், ஓட்டை உள்ள இடத்தில் குமிழி வரும். வாசலிலேயே செய்யுங்கள். கதவு சாத்திய அறைக்குள் எஞ்சினை ஓட விடவே கூடாது. புகையில் இருக்கும் காபனோரொட்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலை சுற்றும்போதுதான் தெரியும். அதற்குள் காலம் கடந்துவிடும்.

அந்த மூட்டில் சிவப்பு சிலிக்கன் பூசினால் போதாதா? (கிண்ணியா)

போதாது. அந்தச் சிலிக்கன் ஏறக்குறைய 300 பாகை செல்சியஸ் வரைதான் தாங்கும். ஹெட் வாயிலில் வரும் புகை அதைவிட மிகவும் சூடானது. சில நாளில் கருகி உதிர்ந்துவிடும்.

அங்கே இருக்க வேண்டியது காஸ்கெட், பெரும்பாலும் செப்பு வளையம். இறுக்கும்போது நசுங்கித்தான் அது அடைக்கிறது. ஒரு முறை நசுங்கியது மறுமுறை அடைக்காது, ஆகவே பைப்பைக் கழற்றினால் புதியது போடுங்கள். பைக்கின் மற்ற சாமான்களோடு பார்த்தால் மலிவுதான். கழற்றும்போது ஹெட் வாயிலுக்குள் விரல் விட்டுத் தடவிப் பாருங்கள். பழைய வளையம் கரியோடு ஒட்டி, ஹெட்டின் ஒரு பகுதி போலவே இருக்கும். அதை எடுக்காமல் மேலே புதியதைப் போட்டுவிட்டு, “மாற்றியும் கசிகிறது” என்று வந்தவர்கள் எத்தனையோ பேர்.

பூட்டும் ஒழுங்கும் முக்கியம். பின்பக்கச் சைலென்சர் போல்ட்டைத் தளர்வாக விட்டு, ஹெட் பக்கத்து இரண்டு நட்டையும் கையால் பூட்டுங்கள். அப்புறம் இதில் அரைச் சுற்று, அதில் அரைச் சுற்று என்று மாறி மாறி இறுக்குங்கள். பின் போல்ட் கடைசியில். அதை முதலில் இறுக்கினால் பைப் சரிந்து நின்று வளையம் ஒரு பக்கம் மட்டும் நசுங்கும். இரண்டொரு நாள் ஓடியபின், ஆறிய எஞ்சினில் ஒரு தடவை நட்டுகளைச் சரிபாருங்கள்.

நட்டு அசையவே இல்லை. ஸ்டட் (ஹெட்டில் பதிந்து நட்டு ஏறும் மரைக் கம்பி) முறிந்துவிடுமோ என்று பயம். (சாம்பல்தீவு)

பயப்படுவது நல்லதுதான். கறள் இளக்கும் எண்ணெயை முதல் நாள் இரவே விட்டு ஊறவிடுங்கள். காலையில் கொஞ்சம் இறுக்கி, அப்புறம் தளர்த்தி, முன்னும் பின்னுமாக அசையுங்கள். அதற்கும் வரவில்லை என்றால் நிறுத்திவிட்டுக் கராஜுக்கு வாருங்கள். ஹெட் அலுமினியம். முறிந்த ஸ்டட்டைத் துளைத்து எடுப்பது பெரிய வேலை.

நான் கடலுக்குப் போகிறவன். வீட்டில் இருந்து கரையில் உள்ள மீன் வாடிக்கு ஒன்றரைக் கிலோமீற்றர்தான். எவ்வளவு கழுவியும் சைலென்சரின் அடி ஓட்டையாகிறது. (நிலாவெளி)

ஐயா, உப்புக்காற்று வெளியிலிருந்து தின்கிறது, தண்ணீர் உள்ளிருந்து தின்கிறது. ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர் தண்ணீரும் உண்டாகிறது. தூரம் ஓடினால் அது ஆவியாகவே வெளியேறும். நீங்கள் போகும் தூரத்தில் சைலென்சர் சூடாவதற்குள் வாடி வந்துவிடுகிறது. ஆவி தண்ணீராகி அடியில் தங்கிவிடுகிறது. கிழமைக்கு ஒரு தடவையாவது குச்சவெளிப் பக்கம் அரை மணித்தியாலம் ஓடிவிட்டு வாருங்கள். கழுவுவதை நல்ல தண்ணீரில் செய்து, காயவிட்டு, வெளிப்பக்கம் சூடு தாங்கும் கறுப்புப் பெயின்ட் அடியுங்கள்.

ஓட்டை விழுந்தால், ஒட்டுப் போடுமுன் சுற்றிலும் சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். பொத என்று கேட்கும் இடம் எல்லாம் உளுத்தது. அதன்மேல் வெல்டிங் நிற்காது. கழற்றிக் கொண்டுபோய்க் கேஸ் வெல்டிங் செய்விப்பது நல்லது. பைக்கிலேயே வைத்து மின் வெல்டிங் செய்வதென்றால் பற்றரியைக் கழற்றாமல் விடாதீர்கள்.

சைலென்சர் அடியில் சின்னத் துளை. அதில் தண்ணீர் சொட்டுகிறது. அடைத்துவிடவா? (மூதூர்)

வேண்டாம்! வட்டமாக, சீராக இருந்தால் கம்பனியே தண்ணீர் வடிய வைத்த துளை அது. விளிம்பு கிழிந்து கறளாக இருந்தால் மட்டும்தான் ஓட்டை.

கோணேசர் கோயிலடியில் இருந்து இறங்கும்போது ‘பட் பட்’ என்று வெடிக்கிறது. பிள்ளையைப் பின்னால் வைத்துக்கொண்டு போகப் பயமாக இருக்கிறது. (நகரத்திலிருந்து ஓர் ஆசிரியை)

தங்கச்சி, எஞ்சின் வெடிக்கப் போகிறது என்று நினைக்க வேண்டாம். அக்சிலேட்டரை விட்டு இறங்கும்போது முன் மூட்டுக் கசிவால் வெளிக்காற்று உள்ளே இழுபடும். எரியாமல் மிஞ்சிய பெற்றோல் அந்தக் காற்றோடு சேர்ந்து பைப்புக்குள்ளேயே எரிகிறது. காஸ்கெட் மாற்றினால் பெரும்பாலும் நின்றுவிடும். நிற்கவில்லை என்றால், ஹெட்டுக்குக் காற்று கொண்டுபோகும் சின்ன ரப்பர் குழாய் உங்கள் பைக்கில் இருக்கிறதா, அதில் கீறல் விழுந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பிள்ளையின் கால் சைலென்சரில் படாதபடி தகட்டு மறைப்பு இருக்கிறதா என்பதையும் பாருங்கள். கசிவைவிட எனக்குக் கவலை அதுதான்.

நாளை கந்தளாய் போகவேண்டும், நடுப் பைப்பில் ஊசி ஓட்டை. இன்றைக்கு என்ன செய்யலாம்? (கன்னியா)

கறளைச் சுரண்டி, சைலென்சருக்கென்று விற்கும் பசையைத் தடவி, மேலே பால்மா ரின் தகரத்தை ஒரு சுற்றுச் சுற்றி, இரண்டு பக்கமும் கிளிப் போட்டு இறுக்குங்கள். பெயின்ட் உள்ள பக்கத்தை முதலில் நன்றாகச் சுரண்டிவிடுங்கள், இல்லாவிட்டால் சூட்டில் புகைந்து நாறும். போய்வரத் தாங்கும். வந்ததும் வெல்டிங்குக்குக் கொடுங்கள்.