கடைவாய்ப் பல் போன இடத்தில் இம்ப்ளான்ட்

கேள்வி: எனக்கு வயது 58, சர்க்கரை நோய் உண்டு. கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றை எடுத்து ஓராண்டாகிறது. பிரிட்ஜ் கட்டுவதா, இம்ப்ளான்ட் வைப்பதா?

பதில்: பிரிட்ஜ் என்பது பக்கத்துப் பற்களைத் தாங்கலாகக் கொண்டு நிற்கும் செயற்கைப் பல். அதைக் கட்ட இருபுறமுள்ள நல்ல பற்களையும் ராவ வேண்டியிருக்கும் என்பதால், எலும்பு போதுமான அளவு இருந்தால் இம்ப்ளான்ட்டையே நான் பரிந்துரைப்பேன். 1965இல் ஸ்வீடனில் பிரோனெமார்க் என்ற மருத்துவர் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்திய இந்த டைட்டானியம் திருகு, தாடை எலும்போடு நேரடியாகப் பிணைந்து பல்வேரின் வேலையைச் செய்கிறது; அது நன்றாகப் பிடித்துக்கொள்ளப் பொதுவாக 3 முதல் 6 மாதங்கள் ஆகும் என்பதால், பெரும்பாலும் அதன் பிறகே மேலே பல் வடிவ உறையை (கேப்) போடுவார்கள். பல் எடுத்த இடத்தில் எலும்பு கரைந்துவரும். ஆகவே ஸ்கேன் எடுத்து அதன் உயரத்தையும் அகலத்தையும், கீழ்த்தாடை நரம்பு எவ்வளவு தள்ளி ஓடுகிறது என்பதையும் பார்த்தாக வேண்டும். சர்க்கரை நோய் இதற்குத் தடையல்ல, கட்டுக்குள் இல்லாத சர்க்கரையே தடை. புகைப்பழக்கம் இருந்தால் நிறுத்திவிடுங்கள். இம்ப்ளான்ட்டில் சொத்தை விழாது என்றாலும், துலக்காமல் விட்டால் சுற்றியுள்ள ஈறு வீங்கி எலும்பு அரிக்கப்படும்.