லுவாவில் 500 எதிரிகள் வந்ததும் கேம் திணறுகிறது. லூப்பை வேகமாக்குவது எப்படி?

நீங்கள் சொன்னது: லவ் 2டி-யில் (லுவா மொழியில் 2டி கேம் எழுத உதவும் கட்டமைப்பு) எழுதிய கேம், 1280×720 களம், 500 எதிரிகள். யாரோடு யார் மோதுகிறார்கள் என்று இரட்டை ஃபார் லூப்பில் பார்க்கிறீர்கள். மேத்.ஃப்ளோர் (பின்னத்தைக் கீழ் முழு எண்ணாக்கும் ஃபங்ஷன்) போன்றவற்றை லோக்கல் மாறியில் எடுத்து வைத்தும் போனில் வேகம் கூடவில்லை.

கூடாது. 500 எதிரிகளுக்கு 1,24,750 ஜோடிகள். நொடிக்கு 60 ஃபிரேம் என்றால், ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பதோ 16.6 மில்லி செகண்ட். ஒவ்வொரு ஜோடியின் வேலையையும் பாதியாகக் குறைத்தாலும் சுமை மலையாகத்தான் நிற்கும். முதலில் ஜோடிகளைக் குறையுங்கள்.

நம்ம பெங்களூரில் ஜெயநகர் நாலாவது பிளாக்கில் கடை தேடுகிறவர் நகரின் மறுகோடியில் இருக்கும் ஹெப்பாலுக்குப் போவதில்லை. களத்தையும் அப்படிப் பிரியுங்கள். 64 பிக்சல் கட்டம் என்றால் 20 × 12, மொத்தம் 240 கட்டங்கள். எதிரியின் மையப்புள்ளி எந்தக் கட்டத்தில் விழுகிறதோ அதில் அவனைப் பதியுங்கள். பிறகு தன் கட்டம், வலது கட்டம், கீழே உள்ள மூன்று கட்டங்கள், இவ்வளவு பார்த்தால் போதும். எந்த ஜோடியும் இருமுறை வராது. எதிரிகள் சமமாகப் பரவியிருந்தால் சோதனைகள் 5,000-க்குள் அடங்கும். எல்லோரும் ஒரே மூலையில் குவிந்தால் இந்த லாபம் கரைந்துவிடும், அதையும் கணக்கில் வையுங்கள்.

இங்கே வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் சில உண்டு. கட்டம், மிகப் பெரிய எதிரியின் விட்டத்தைவிடச் சிறியதாக இருந்தால் சில மோதல்கள் கண்ணில் படாமல் போகும். கடைசி நெடுவரிசையில் வலது கட்டத்துக்காக 1 கூட்டினால் அடுத்த வரிசையின் முதல் கட்டத்துக்குத் தாவிவிடும்; அதைத் தனியாகத் தடுக்க வேண்டும். கட்டத்தின் சாவியாக "3,7" மாதிரி ஸ்ட்ரிங் கட்டாதீர்கள், ஒவ்வொரு முறையும் ஸ்ட்ரிங் ஒட்டும் வேலை சேரும். வரிசை எண்ணை 20-ஆல் பெருக்கி நெடுவரிசை எண்ணைக் கூட்டினால் வரும் முழு எண்ணே சாவி.

எல்லாவற்றையும்விட முக்கியம், ஃபிரேமுக்கு 240 புது டேபிள் (லுவாவின் பட்டியல்) உருவாக்குவது கூடவே கூடாது. அவை குப்பையாகச் சேர்ந்து, கார்பேஜ் கலெக்டர் (பயன்படாத நினைவகத்தைத் துடைப்பது) வேலை செய்யும்போது கேம் விட்டுவிட்டு நிற்கும். டேபிள்களை ஒருமுறை உருவாக்கி, கட்டத்துக்கு ஓர் எண்ணிக்கை வைத்து, ஃபிரேம் தொடக்கத்தில் அதை மட்டும் பூஜ்யமாக்குங்கள். கலெக்ட்கார்பேஜ் ஃபங்ஷனுக்கு "கவுண்ட்" என்று கொடுத்தால் நினைவகம் எத்தனை கேபி என்று சொல்லும். அது ஃபிரேமுக்கு ஃபிரேம் ஏறிக்கொண்டே போய்ச் சட்டென்று இறங்கினால் லூப்புக்குள் எங்கோ டேபிளோ ஸ்ட்ரிங்கோ பிறக்கிறது.

தூரத்துக்கு வர்க்கமூலம் வேண்டாம். தூரத்தின் வர்க்கத்தை, ஆரங்களின் கூட்டுத்தொகையின் வர்க்கத்தோடு ஒப்பிடுங்கள்.

செத்த எதிரியை டேபிள்.ரிமூவ் கொண்டு நடுவிலிருந்து எடுத்தால் பின்னால் உள்ளவை எல்லாம் ஒவ்வொன்றாக நகரும்; முன்னிருந்து போகும் லூப்பில் அடுத்தவன் விடுபட்டும் போவான். கடைசியிலிருந்து முன்னோக்கி வாருங்கள், கடைசி ஆளைக் காலி இடத்தில் வைத்து வாலை nil (வெற்று மதிப்பு) ஆக்குங்கள். வரிசை முக்கியமில்லாத பட்டியலுக்கு மட்டும் இது பொருந்தும்.

மேத்.ஃப்ளோரை லோக்கல் மாறியில் வைக்கும் வித்தை கடைசியில்தான். கணினியில் லுவாஜிட் (ஓடும்போதே லுவாவை இயந்திர மொழியாக்குவது), ஃபங்ஷனை ஒவ்வொரு முறையும் பெயரால் தேடும் வேலையைப் பெரும்பாலும் தானே நீக்கிவிடும். ஐபோனில் ஜிட் ஓடாது, கட்டளைகளை ஒவ்வொன்றாகப் படித்து இயக்கும் இன்டர்பிரெட்டர் மட்டுமே. அங்கே கொஞ்சம் பலன் தெரியும்.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்னும் பின்னும் நேரம் சொல்லும் லவ்.டைமர்.கெட்டைம் ஃபங்ஷனை வைத்து, 300 ஃபிரேம்களின் சராசரியையும் அதிகபட்சத்தையும் எழுதி வையுங்கள். திணறலைக் காட்டுவது அதிகபட்சம்தான். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த நம்ம எஸ்.பி. ரோட்டில் ஒரு பழைய 2 ஜிபி போன் வாங்கி அதிலேயே அளந்து பாருங்கள்.