பரணில் கிடந்த டிஎக்ஸ்7: பிளக்கைச் செருகும் முன்

கேள்வி: ஏற்காட்டில் இருக்கிறேன். என் மாமா சேலத்தில் மெல்லிசைக் குழு வைத்திருந்தார். ஆடி மாதக் கோயில் கச்சேரிகளில் அவர் பயன்படுத்திய யமஹா டிஎக்ஸ்7 கீபோர்டும் ரோலண்ட் டிஆர்-707 ரிதம் பெட்டியும் பல வருடங்களாக எங்கள் வீட்டுப் பரணில் கிடக்கின்றன. இரண்டும் ஜப்பானிலிருந்து வந்தவை. ஆன் செய்து பார்க்கலாமா? புது ஒலிகள் ஏற்றி மாடிஃபை பண்ண வேண்டும் என்கிறான் என் மகன். பண்ணலாமா?

பதில்: ஆன் செய்யாதீர்கள். ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட், நம்மூரில் 230. டிஎக்ஸ்7-இன் டிரான்ஸ்ஃபார்மர் பெட்டிக்கு உள்ளேயே இருக்கிறது. ஜப்பான் மாடலை நம் சுவர் பிளக்கில் நேராகச் செருகினால், ஃபியூஸோடு போனால் உங்கள் அதிர்ஷ்டம். பின்பக்க லேபிளில் 100 என்று போட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

போட்டிருந்தால், வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். ஸ்டெபிலைசர் இதற்கு உதவாது. கடையில் சட்டென்று கிடைப்பது அமெரிக்கச் சாமான்களுக்கான 110 வோல்ட். அதிலும் ஓடும், ஆனால் உள்ளே ரெகுலேட்டர்கள் தேவையில்லாமல் சூடேறும். நாற்பது வருடப் பழைய கருவிக்கு அந்தத் தண்டனை எதற்கு? சேலத்தில் டிரான்ஸ்ஃபார்மர் காயில் கட்டிக் கொடுக்கும் கடையில் 100 வோல்ட் என்று சொல்லியே கட்டச் சொல்லுங்கள். இரண்டு காயிலும் தனித்தனியாக இருக்க வேண்டும், ஒரே காயிலில் வேலை முடிக்கும் ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுங்கள். லேபிளில் உள்ள வாட் கணக்கைப் போல இரண்டு மடங்கு தாங்கினால் போதும்.

707-க்கு வெளி அடாப்டர்தான். ரோலண்டின் பழைய அடாப்டர்களில் நடுப்பகுதி நெகட்டிவ். சந்தையில் கிடைக்கும் அடாப்டர்களில் பெரும்பாலும் நடு பாசிட்டிவ். பின் பொருந்துகிறதே என்று மாட்டிவிடாதீர்கள். வோல்ட்டோடு, நடுவில் பிளஸ்ஸா மைனஸா என்று காட்டும் குட்டிப் படத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்தது ஈரம். ஏற்காட்டுப் பனிமூட்டத்தில் பரணில் கிடந்தது என்றால், கட்டைகளுக்கு அடியிலுள்ள கான்டாக்ட்களில் பூஞ்சை, களிம்பு எல்லாம் எதிர்பார்க்கலாம். சில கட்டைகள் பேசாமல் போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பட்ஸால் துடைத்தால் பாதிக்கு மேல் சரியாகிவிடும். வெயிலில் காய வைக்காதீர்கள். காற்றோட்டமான அறையில் சில நாள் திறந்து வைத்தால் போதும். ரிப்பேருக்குச் சேலம் கொண்டுபோவதானால் இன்னொன்று: குளிரிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி வெக்கைக்குள் வந்ததும் பையைத் திறந்தால், உள்ளே போர்டில் நீர் பூக்கும். பையை மூடியபடியே சில மணி நேரம் விட்டு வையுங்கள்.

இனிதான் முக்கியமான கட்டம். டிஎக்ஸ்7-இல் 32 ஒலிகளை வைத்துக்கொள்ளும் நினைவகம் உண்டு. அதற்கு உயிர் கொடுப்பது போர்டில் சால்டர் செய்யப்பட்ட ஒரு சிஆர்2032 பட்டன் பேட்டரி. ஐந்து வருடம்தான் அதற்கு ஆயுள் என்பார்கள், ஆனால் பல பெட்டிகளில் அதைத் தாண்டியும் ஓடியிருக்கிறது. உங்கள் மாமா கச்சேரிக்கென்று திருத்தி வைத்த ஒலிகள் அதில் இன்னும் இருக்கலாம். ஆர்வத்தில் பேட்டரியைக் கழற்றினால் அந்த நொடியே அத்தனையும் போச்சு.

அதனால் பாதுகாப்பாக ஆன் செய்ததும், ஃபங்ஷன் பட்டனை அழுத்தி 14-ஐ அழுத்துங்கள். பேட்டரியின் வோல்ட் திரையில் வரும். 3-ஐ ஒட்டி இருந்தால் நிம்மதி. பிறகு மிடி (இசைக் கருவிகளும் கணினியும் பேசிக்கொள்ளும் இணைப்பு) கேபிளில் கணினியோடு இணைத்து, ஃபங்ஷன் 8-இல் 'சிஸ் இன்ஃபோ' என்பதை அவைலபிள் ஆக்கி, அதே பட்டனைத் திரும்ப அழுத்தி டிரான்ஸ்மிட் கொடுங்கள். 32 ஒலிகளும் சேர்ந்து ஒரே கோப்பாக, சரியாக 4,104 பைட் அளவில் வர வேண்டும். அதைவிடக் குறைந்தால் மலிவு யுஎஸ்பி மிடி கேபிள் நடுவில் தகவலை விட்டிருக்கிறது. நல்ல மிடி இன்டர்ஃபேஸ் இரவல் வாங்கித் திரும்ப எடுங்கள். கோப்பை இரண்டு இடத்தில் பத்திரப்படுத்திய பிறகுதான் பேட்டரி. பேட்டரியின் மேலேயே சால்டர் வைக்கக் கூடாது, வெடிக்கக்கூடும். ஹோல்டரைச் சால்டர் செய்து அதில் செருகச் சொல்லுங்கள். கொலுசுப் பட்டறையில் பற்றவைக்கும் உறவினரிடம் இந்த வேலையைக் கொடுத்துவிடாதீர்கள். அவர் கை சுத்தம் வேறு, இந்தப் போர்டின் மெல்லிய தடங்கள் வேறு.

707-இல் நினைவகத்துக்கு இரண்டு ஏஏ பேட்டரி. மூடியைத் திறந்ததும் வெள்ளையாகப் பூத்திருந்தால் அது காரம். பட்ஸில் கொஞ்சம் வினிகர் தொட்டுத் துடைத்து, பிறகு ஆல்கஹாலால் துடையுங்கள். பட்டன்கள் அமுங்கியும் கேட்காவிட்டால் ஸ்விட்சை மாற்றிக்கொள்ளலாம், விலை அதிகமில்லை. பின்பக்கம் மிடிக்கும், தாள வேகத்தை ஒத்திசைக்கும் 'சிங்க்' இணைப்புக்கும் ஒரே வடிவ ஐந்து பின் சாக்கெட். மாற்றிச் செருகிவிட்டு, கீபோர்டோடு பேச மறுக்கிறது என்று நினைக்க வேண்டாம்.

மாடிஃபை பண்ணலாமா என்றால், திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவரக்கூடியதானால் பண்ணலாம். டிஎக்ஸ்7 1983-இல் வந்து ஒரு லட்சத்துக்கும் மேல் விற்றது, எனவே அபூர்வப் பொருள் அல்ல. மங்கலான திரையை ஒளிரும் திரையாக மாற்றுவது, நினைவகத்தைக் கூட்டுவது எல்லாம் நல்ல மாற்றங்கள். 707-இன் டிரம் ஒலிகள் ரோம் சிப்பில், அதாவது அழியாத நினைவகச் சிப்பில், பதிந்தவை. அந்தச் சிப்பின் இடத்தில் வேறொன்றை வைத்து வேறு ஒலிகள் ஏற்றுகிறார்கள். பழைய சிப்பை ஒரு டப்பாவில் வைத்திருந்தால் போதும். ரோலண்டின் இன்னொரு ரிதம் பெட்டியான டிஆர்-808 மாதிரி சுமார் 12,000 மட்டுமே செய்யப்பட்ட ஒன்று கையில் இருந்திருந்தால், தொடாதீர்கள் என்றிருப்பேன்.

பேனலில் துளை போட்டு ஜாக் வைப்பதற்கு மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். அதைச் சரிசெய்ய வழியில்லை. மகனுக்குக் கம்பிகளை மாற்றி மாற்றித் தொட்டு விசித்திர ஒலி எழுப்பும் ஆசை இருந்தால், காசியோ எஸ்கே-1 மாதிரியான பேட்டரி கீபோர்டு ஒன்றை வாங்கிக் கொடுங்கள். அதையும் பேட்டரியில் மட்டும் ஓட்டிப் பார்க்கட்டும், அடாப்டரைக் கழற்றி வைத்துவிட்டு.